ரயிலடிப் படத்தில் தலைகுனிந்து நிற்பவருக்கு

என் அருமை அண்ணே,

சுதந்திரம் வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் ஏலாக்குறிச்சி முழுக்க வெல்லம் பங்கிட்டிருப்பீர்கள். காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் இத்தனை நாளாகியும் உங்கள் வட்டிலில் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

இன்று உங்களுக்காக ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தேன். யுத்த காலத்தில் அரியலூர் ரயிலடி முன்னால் நடந்த ஊர்வலத்தை ஒருவர் படம் பிடித்தாரே, இப்போது அது ஊரறிந்த படம். எல்லாரும் போலீஸைப் பார்த்து வாய் நிறையக் கோஷம் போடுகிறார்கள். ஓரத்தில் நீங்கள் மட்டும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பருகே பிடித்துக்கொண்டு, தலைகுனிந்து நிற்கிறீர்கள். பண்ணையார் முன்னால் நிற்கிற மாதிரி. "துண்டெடுத்தவன் தங்கச்சி" என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசகசாலையில் மாட்டப்போகிறார்கள். செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "ஓரத்துல நிக்கிறவரை மட்டும் வெட்டிட்டு சட்டம் போட்டுடறோம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெட்டறதுக்கு முந்தி நெழலைப் பாருங்க சார்" என்றேன்.

ஒருவர் நிழலும் நீளவில்லை. எல்லாம் காலடியிலேயே கிடக்கிறது. உச்சிப்பொழுது. போலீஸ் நிற்பது இடப்பக்கம். நீங்கள் திரும்பியிருப்பது வலப்பக்கம், படத்துக்கு வெளியே மாதா கோயில் இருக்கிற திசையில்.

"மத்தியான மணிங்க. அது அடிச்சா எங்க அப்பாரு ஏரை நிறுத்திட்டு, தலைத்துண்டை எடுத்துட்டு, செபம் சொல்லுவாரு. வேதக்காரங்க வழக்கம் அது."

"நானும் அங்கதாம்மா நின்னேன். எனக்கு மணியே கேக்கலியே?"

"கேட்டுப் பழகுன காதுக்குக் கேக்கும்" என்றேன். அவர் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "நல்லவேளை, கத்திரிக்கோலை எடுக்கல" என்றார்.

ஆனால் அண்ணே, அந்த நேரத்தில் என்ன வேண்டினீர்கள்? பயமாக இருந்ததா? இருந்தால்தான் என்ன! செபம் முடித்துத் துண்டைக் கட்டிக்கொண்டு அங்கேயேதானே அடி வாங்கினீர்கள். அந்த முதுகுக்கு எண்ணெய் தடவியவள் நான். அது படத்தில் இல்லை. ஊர் வாய்க்கு வந்தபடி பேசியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? செபத்தைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது என்று நினைத்தீர்களா?

படத்தை முழுசாகவே மாட்டுகிறார்கள். அன்றைக்கு நான் போவேன். மத்தியான மணி அடிக்கும்போது, அத்தனை பேர் நடுவிலும், உங்கள் முன்னால் முக்காடிட்டுத் தலைகுனிந்து நிற்பேன். பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
துண்டெடுத்தவர் தங்கச்சி,
சவரியம்மாள்