வெள்ளைக் காரின் ஏசி

மார்ச் 9, 2025, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. சூரியநெல்லி மலை எஸ்டேட்டில் இந்நேரம் ஸ்வெட்டரோடுதான் கட்டன் டீ குடித்துக்கொண்டிருப்பேன். நாற்பத்தைந்து வயதுவரை மின்விசிறி இல்லாத வீட்டில் இருந்தவளுக்கு, கல்யாணமாகி வாளையாருக்கு வந்தபின் இது முதல் கோடை.

கிருத்திகா போன் செய்தாள். இவருடைய மகள். சிங்காநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அவளுக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரவேண்டும். இவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், நானும் கேட்கட்டும் என்று.

“இந்த வெயில்ல ஏசி ஓடாத கார்ல என்னால வரமுடியாதுப்பா. இங்கயே பாத்துக்கறோம்.”

சாக்குதான். அவள் அம்மா இறந்துபோய் ஐந்து வருஷம். அம்மா புழங்கிய அடுப்படியில் என்னைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. அவள்மேல் தப்பே இல்லை. இவருக்குத்தான் விளங்கவில்லை. போனை வைத்ததும், “ஏசியச் சரி பண்ணிட்டாப் போச்சுங்க” என்று எழுந்து காரைப் பார்க்கப் போய்விட்டார்.

எப்படிச் சொல்வது இந்த மனுஷனிடம்?

மார்ச் 12, புதன்

கஞ்சிக்கோட்டில் லேப் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்திருப்பேன். பெட்டிக்கடைக்காரர் ஓடி வந்து பெஞ்சில் உட்காரவைத்து சோடா உடைத்துக் கொடுத்தார். போன வாரமும் இப்படித்தான். இவரிடம் சொல்லவில்லை. மகள் கவலையே போதும்.

மார்ச் 14, வெள்ளி

நேற்றும் இன்றும் வேலை முடிகிற நேரத்துக்குக் காரைக் கொண்டுவந்து நிற்கிறார். இவர் வேலை பார்க்கும் எடை மேடையில் லாரிகள் வரிசை கட்டி நிற்க, வேறு ஆளை மாற்றி விட்டு வருகிறாராம். ஏன் என்றால், “சும்மாதானுங்க.” கார் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கிறது. இருந்தாலும், யாரோ வந்து காத்து நிற்பது நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலேயே காரை வேப்பமரத்தடியில் நிறுத்தி, போனில் ஏதோ வீடியோவைப் போட்டு சீட்மேல் சாய்த்து வைத்துக்கொண்டார். வொர்க்ஷாப்பில் விடலாமே என்றேன். “பத்து நாளாகுமுங்க. நாமே பாத்துக்கலாம்” என்றார். நாமே. அதனால் நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

முன் பக்கத்துச் சின்ன டிராயரைக் கழற்றினால் அதற்குப் பின்னால் காற்றை வடிகட்டுகிற பில்டர். வெளியே எடுத்ததும் இரண்டு பேரும் தும்மினோம். ரோட்டுப் புழுதி, வேப்பஞ்சருகு, ஒரு பல்லியின் முழுத் தோல். புது பில்டரைப் போட்டு ஏசியைத் திருப்பினார். காற்று நன்றாக வந்தது, கொதிக்கக் கொதிக்க.

“முன்னெல்லாம் மெதுவாச் சுட்டுச்சு. இப்ப வேகமாச் சுடுது” என்றேன்.

ரொம்ப நேரம் சிரித்தார். இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி ஏழு மாதத்தில் நாங்கள் இன்னும் விருந்தாளிகள் மாதிரிதான் பேசிக்கொள்கிறோம். வாங்க, உக்காருங்க, காப்பி குடிங்க.

மதியம் பானெட்டைத் திறந்து காதை வைத்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே உட்கார்ந்து ஏசி பட்டனை அமுக்கவேண்டும். அமுக்கினால் கம்ப்ரசரிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரணுமாம்.

“அமுக்குங்க.”

“அமுக்கிட்டேன்.”

“இன்னொருக்கா.”

சத்தமே இல்லை. சின்னப் பெட்டி மாதிரி ஒன்று, ரிலே என்றார். ஹாரனுக்கும் அதே மாதிரிதானாம். ஹாரனுடையதைப் பிடுங்கி ஏசிக்கும், ஏசியுடையதை ஹாரனுக்கும் மாற்றிப் போட்டார். ஹாரன் நன்றாக அடித்தது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. ஏசி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“அப்ப ரிலே தப்பில்லீங்க. கேஸ்தான் எறங்கிப் போயிருக்கும். அது கம்மியா இருந்தா கம்ப்ரசர் ஓடாது.”

மகள் சொன்ன ஒரு வார்த்தைக்காக இந்த வெயிலில் இந்தப் பாடு. அது வெறும் சாக்கு என்று இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பாலக்காட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஷஹீருக்கு இவர் போன் செய்தார். எடை மேடைக்கு வந்து போகிற பழக்கம். கார் ஏசிக்கு கேஸ் பிடிப்பதும் அவர் தொழில்தான்.

“ஆறுமுகசாமியண்ணே, கேஸ் எங்க ஒழுகுதுன்னு மட்டும் பாத்து வைங்க. ஒழுகற இடத்துல எண்ணெயும் கசிஞ்சு அழுக்கு ஒட்டியிருக்கும். ஞாயித்துக்கிழமை நான் மெஷினோட வர்றேன். எதையும் கழட்டிடாதீங்க, கேட்டோ?”

கேட்டோம் என்றார். ஒருவர்தான் கேட்டோம், அது நான்.

மார்ச் 20, வியாழன்

நேரமாகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் காரின் முன்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பைப் போய்ச் சேருகிற மூட்டில் மட்டும் அழுக்கு கறுப்பாக அப்பிக் கிடந்தது. தொட்டால் பிசுபிசுப்பு. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தனை சந்தோஷம் அவருக்கு. “கண்டுபிடிச்சுட்டீங்க!” என்றவர் சும்மா இருக்கக் கூடாதா? ஸ்பேனரை எடுத்து, லேசாத் திருப்பிப் பாக்கறேனுங்க என்று — நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருக்கேன் — உஸ்ஸ்னு ஒரு சத்தம். மிச்சமிருந்த கேஸ். வெள்ளையாப் புகை மாதிரி கையில அடிச்சிருச்சு. அவரு கையை எடுக்காம நட்டைத் திரும்ப முடுக்கப் பாக்காரு!

“ஏய்யா, கிறுக்கா புடிச்சிருக்கு? கையை எடுய்யா!”

நான்தான் கத்தினேன். எஸ்டேட் லயத்துக் குரல் அப்படியே வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்து, குழாய்த் தண்ணீரில் காட்டினேன். இரண்டு விரல் நுனி வெள்ளை வெளேரென்று மரத்துப் போயிருந்தது. தண்ணீரை விட்டுக்கொண்டே திட்டினேன். கண்ணில் பட்டிருந்தா? யாருக்கு வேணும் ஏசி? நீரு ஒரு ஆளு எனக்கு மிஞ்சியிருக்கீரு, உம்மையும் தொலைச்சிட்டு நான் எங்க போக?

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, “இப்படித் திட்டறதுக்கு ஏனுங்க இத்தன நாளு?” என்றார்.

டாக்டர் மருந்து போட்டு, லேசான காயம்தான், தோல் உரிந்து புதுசாக வரும் என்றார். திரும்பி வரும்போது காரை நான்தான் ஓட்டினேன். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

ஷஹீர் வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எனக்குப் பதிலா நீங்களே ஏசிட்டீங்கபோல, அக்கா” என்றார்.

மூட்டைக் கழற்றினால் உள்ளே மிளகு வடையின் ஓட்டையளவுக்குக் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று, காய்ந்து வெடித்துக் கிடந்தது. இவ்வளவு பாட்டுக்கும் அதுதான் காரணம். புது வளையத்தில் எண்ணெய் தடவி மாட்டினார். பிறகு ஒரு மோட்டாரை வைத்து, பைப்புக்குள் இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தார். மீட்டரில் முள் நகராமல் நிற்கிறதா என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டே சோறு தின்றோம். நின்றது. அதற்கப்புறம்தான் கேஸ்.

“பட்டனை அமுக்குங்க” என்றார் இவர், என்னிடம்.

அமுக்கினேன். டிக்.

முதலில் வெறும் காற்று. அப்புறம் கொஞ்சம் ஈரவாடை. அப்புறம் — அய்யோ, சூரியநெல்லியில் விடிகாலை ஜன்னலைத் திறந்தால் முகத்தில் வந்து அடிக்குமே, அது. ஷஹீர் போனபிறகும் நாங்கள் இறங்கவில்லை. எங்கும் போகாமல் வேப்பமரத்தடியில், காருக்குள்ளேயே உட்கார்ந்து டீ குடித்தோம்.

மார்ச் 24, திங்கள்

கிருத்திகாவிடம் ஏசி சரியாகிவிட்டது என்று சொன்னார். அவள், “சரிப்பா, ஞாயித்துக்கிழமை வாங்க.” சாக்கு தீர்ந்துபோனதால் சொன்னதுபோல இருந்தது எனக்கு.

நான் வரவில்லை, நீங்கள் மட்டும் போங்கள் என்றேன். “நீங்க வரலீன்னா வண்டி போகாதுங்க” என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

போனேன். கிருத்திகா முன்சீட்டில் ஏறினாள். நான் பின்னால். ‘வாங்க’ என்றாள் என்னைப் பார்த்து. உடனே முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏசியை நன்றாக வைத்தார் இவர். முகத்தில் அத்தனை பெருமை.

மதுக்கரை தாண்டியதும் கிருத்திகா துப்பட்டாவால் வாயைப் பொத்தினாள். “அப்பா, ஏசிய நிறுத்துங்க. இந்தக் காத்து வயித்தப் புரட்டுது.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை நினைத்து அழுகையும் வந்தது. எத்தனை நாள் பாடு!

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உம்பக்கத்துக் கண்ணாடிய எறக்கிக்க கண்ணு. ஏசிய நிறுத்தறதுக்கில்ல. அது உனக்காகப் பண்ணுனது இல்ல.”

“பின்ன யாருக்கு?”

“பின்னாடி இருக்காங்களே, அவங்களுக்கு. மலையில பொறந்தவங்க. இந்த வெயில்ல ரெண்டு தடவ ரோட்டுலயே மயங்கிட்டாங்க. எங்கிட்டச் சொல்லல. பெட்டிக்கடைக்காரரு சொன்னாரு. நீ ஏசின்னு சாக்குச் சொன்னது எனக்கு வெளங்காமயா இருக்கும்? சாக்கா இருந்தாலும் நல்ல யோசனையாப் பட்டுச்சு. அதான்.”

எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளத்தான் தெரிந்தது. இந்த மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று இத்தனை நாளும் நான் அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

கொஞ்சம் கழித்துக் கிருத்திகா தன் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கினாள். நடுவில் இருந்த காற்று வருகிற வாயைக் கையால் திருப்பி, பின்சீட்டுப் பக்கம் வைத்தாள். “வருதுங்களா?” என்றாள், திரும்பாமல்.

“வருதும்மா.”

பாதி வெயில் காற்று, பாதி ஏசிக் காற்று. செக்போஸ்ட் வரைக்கும் அப்படியே வந்தோம்.

ஏப்ரல் 2, புதன்

ராத்திரி சோற்றுக்கு நான் வைத்த புளிக்குழம்பில் உப்பு கம்மி என்றாள் கிருத்திகா. விருந்தாளி சொல்லமாட்டாள் இதை. சந்தோஷமாக உப்பு போட்டேன்.

மே 17, சனி

காலை ஐந்து மணிக்கு வலி எடுத்து பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் மாமியாரும் கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். பிரசவ அறை வாசலில் நர்ஸ், “ஒராள் மட்டும் கூட வரலாம்” என்றாள். முறைப்படி மாமியார்தான் என்று நான் ஒதுங்கி வழி விட்டேன். அவரும் பையை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார்.

நகர முடியவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கிருத்திகா என் முந்தானையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். கண் மூடித்தான் இருந்தது. நர்ஸ் விரலைப் பிரித்துப் பார்த்தாள், விடவில்லை. “எந்நா வேகம் வா சேச்சி” என்று மலையாளத்தில் அவசரப்படுத்தி என்னையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டாள்.

பத்தே முக்காலுக்குப் பெண் குழந்தை. வெளியே வந்து சொன்னபோது இவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

புடவை முழுக்கக் கசங்கிக் கிடக்கிறது. துவைக்கணும். இன்னைக்கு வேண்டாம்.