ஸ்ட்ரெச்சர் வராத கணக்கு

மார்ச் 3, செவ்வாய்

பன்னிரண்டு வண்டிகள், ஒரு நடைபாதை, ஒரே லிஃப்ட். அக்கா நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில் வார்டு வார்டாக மருந்து கொண்டுபோகப்போகிற தானியங்கி வண்டிகள். அவற்றுக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. ஒன்றோடொன்று பேசித் தாங்களே வழிவிட்டுக்கொள்ள வேண்டும். என்ன நடந்தாலும் இவை ஸ்ட்ரெச்சரின் வழியை அடைக்காது என்று நிரூபிப்பது என் வேலை. அதற்கு ஒரு மென்பொருள் உண்டு. நடக்கக்கூடியதை எல்லாம் ஒன்றுவிடாமல் துருவும். எதைச் சொன்னாலும் மறுக்கவே பார்ப்பதால் அலுவலகத்தில் அதற்கு ‘வக்கீல்’ என்று பெயர்.

இந்த வேலைக்கு இங்கே என்னை விட்டால் ஆளில்லை. தற்பெருமைதான். என் டைரி, என் இஷ்டம்.

மார்ச் 11, புதன்

ஐந்து மணி நேரம் துருவிவிட்டு வக்கீல் ஒரு மோதலைக் காட்டியது. சரிசெய்துவிட்டேன். நாளை ஸ்ட்ரெச்சருக்கான நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

ஸ்ட்ரெச்சர் நிபந்தனையைச் சேர்த்து ஓட்டினேன். ஒன்பதே நொடி! ‘தவறு இல்லை’ என்று வக்கீல் ஒதுங்கிக்கொண்டது. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். திங்கட்கிழமை வண்டிகளை இறக்கிவிடலாம் என்றார் மேலாளர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 18, புதன்

சாப்பிடும்போது அக்காவிடம் அளந்துகொண்டிருந்தேன். “லிஃப்ட் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காது. எப்பவும் ஒரு வண்டி உள்ள இருக்கும்.”

“அப்ப எங்க ஸ்ட்ரெச்சர் எதுல ஏறும்?”

“ஸ்ட்ரெச்சர் வந்தா லிஃப்ட் காலியா இருக்கும்க்கா.”

“எப்பவும் வண்டி இருக்கும்னு இப்பதானடி சொன்னே?”

“அதெல்லாம் எழுதியிருக்கேன். நீ சாப்பிடு.”

மார்ச் 19, வியாழன்

ஐந்து மணி நேரம் எப்படி ஒன்பது நொடியானது? அன்றைக்கே ஏன் இதைக் கேட்கவில்லை?

காலையில் வேண்டுமென்றே ஒரு பொய்யை எழுதி வக்கீலிடம் கொடுத்தேன்: ஸ்ட்ரெச்சர் வந்தால் பன்னிரண்டு வண்டிகளும் அதில் மோதும். ‘சரி’ என்றது. ஸ்ட்ரெச்சர் வந்தால் வண்டிகள் பறக்கும் — அதற்கும் ‘சரி’.

அய்யோ.

லிஃப்டில் எப்போதும் ஒரு வண்டி இருக்கும் என்பது ஜனவரியில், கணக்கைச் சுருக்க நான் எழுதியது. ஸ்ட்ரெச்சர் வந்தால் லிஃப்ட் காலியாக இருக்கும் என்பது போன வாரம் எழுதியது. இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமென்றால் ஸ்ட்ரெச்சர் வரவே கூடாது. என் கணக்கில் அது வரவே இல்லை. வராத ஒன்றைப் பற்றி எதைச் சொன்னாலும் வக்கீல் எதை வைத்து மறுக்கும்?

அக்கா கேட்டாளே. சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து அப்படியே பிட்டு வச்சாளே. சாப்பிடுன்னுதானே சொன்னே, அறிவிருக்கா உனக்கு?

மார்ச் 20, வெள்ளி

மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

“நீங்களா வந்து சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“ஆமா சார். அதனாலதான் வந்தேன்.”

“அன்னைக்குக் கைதட்டினதை எப்படித் திரும்ப வாங்குறது?”

திங்கட்கிழமை வண்டிகள் இறங்காது. வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சரிசெய்ய எனக்குத் தெரியும்.

மார்ச் 26, வியாழன்

ஜனவரி வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஆறு மணி நேரம். வக்கீல் பதினேழு படிகளில் ஒரு கதை சொன்னது. ஸ்ட்ரெச்சர் வருகிறது. இரண்டு வண்டிகள் லிஃப்ட் வாசலில் நின்று ‘நீங்க போங்க’, ‘இல்ல, நீங்க போங்க’ என்று ஒன்றுக்கொன்று மரியாதை செய்துகொண்டே இருக்கின்றன. இரண்டும் நகரவில்லை. ஸ்ட்ரெச்சர் பின்னால் நிற்கிறது.

இந்தத் திங்கட்கிழமையே இது நடந்திருக்கலாம்.

ஏப்ரல் 2, வியாழன்

மரியாதைக்கு முற்றுப்புள்ளி. ஸ்ட்ரெச்சர் வந்தால் சின்ன எண் உள்ள வண்டி முதலில் விலகும், பேச்சே கிடையாது. லிஃப்டுக்குள் இருப்பது அடுத்த தளத்திலேயே இறங்கிவிடும்.

முதலில் பொய்களைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வக்கீல் அடித்து நொறுக்கியது. பிறகு உண்மையைக் கொடுத்தேன். ஏழு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, ‘தவறு இல்லை’.

இந்த முறை மேலாளர் கைதட்டவில்லை. “பறக்குமான்னு கேட்டீங்களா?” என்றார்.

“கேட்டேன் சார். பறக்காதாம்.”

ஏப்ரல் 21, செவ்வாய்

வண்டிகள் இறங்கி ஒரு வாரம் ஆகிறது. அக்கா வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். மதியம் மருந்து நேரத்தில் ஓர் அவசரக் கேஸாம், மூச்சே இல்லாமல் வந்ததாம். ஸ்ட்ரெச்சரோடு மூன்று பேர் ஓடினார்களாம்.

“ஓடினோம், லிஃப்ட் திறந்துச்சு, ஏறிட்டோம். ஆளு பொழச்சுக்கிட்டாரு.”

“வண்டிங்க எங்கக்கா நின்னுச்சு?”

“எந்த வண்டி?” என்றாள். குனிந்து செருப்பைக் கழற்றினாள். “தெரியலையேடி. நான் எதையும் பாக்கலை.”