சீப்பின் பல் எந்தப் பக்கம்

சுங்குவார்சத்திரம்
12.11.2005, சனிக்கிழமை

அன்பு மகன் பகலவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் மழையில் நனைந்தும் காய்ச்சல் வராமல் நல்லபடியாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வல்லக்கோட்டை முருகனுக்குப் போன கிருத்திகையில் நெய் விளக்குப் போட்டேன். நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, மீசையை வைத்து மறைத்தால் எனக்குத் தெரியாதா. ரொட்டியையே தின்றுகொண்டிராமல் வாரத்துக்கு இரண்டு நாளாவது சோறு ஆக்கிக்கொள். இங்கே ஐப்பசி மழை விடவே இல்லை, பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சேறு, ஹைவேயில் நாலு வழி ரோடு போட்ட பிறகு வண்டிகள் பறக்கிற வேகத்தைப் பார்த்தால் ரோட்டைக் கடக்கவே பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. யாக்கோபு முதலாளியை உனக்குத் தெரியும், பழைய ஜீப்பில் செயின் பிளாக் மாட்டி விழுந்த வண்டிகளை இழுத்துக்கொண்டிருந்தவர். அவர் இப்போது பெரிய ஆள். ஒரகடத்தில் புதிதாக வந்திருக்கும் ஒரு கம்பெனி, பழுதாகி நிற்கிற தன் வண்டிகள் எல்லாவற்றையும் இழுத்து வரும் வேலையை மூன்று வருஷத்துக்கு அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டது. அதை வைத்து கோயம்புத்தூர்க்காரர்களிடம் இரண்டு புது ரெக்கவரி வண்டி தவணையில் எடுத்திருக்கிறார். கயிறு, பெல்ட், ஆயில் எல்லாம் அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று பேச்சாம். அப்பா முன்பு மாதிரி வேர்வை சிந்திச் சங்கிலி இழுக்க வேண்டாம், ஒரு லீவரைத் தள்ளினால் பின்னால் இரும்புக் கை தானாக இறங்கி, பழுதான வண்டியின் முன்சக்கரத்தை அப்படியே தூக்கிக்கொள்கிறது. பின்பக்கம் எடுத்தால் பீப் பீப் என்று கத்தும், தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடவே கத்திக்கொண்டு ஓடும். ஆனால் அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் மட்டும் போதாது, கம்பெனி வைக்கும் டெஸ்டிலும் தேற வேண்டும், கண் டெஸ்ட், ஓட்டும் டெஸ்ட், இரண்டும். அப்பா இரண்டிலும் பாஸ். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அப்பாவின் பெயர் அட்டையைப் பார்த்து, "பேரே மண்ணாங்கட்டியா? மழை வந்தா இன்னா பண்ணுவ?" என்று சிரித்தானாம். "இருவது வருசமா ரோட்டுல மழையிலதான் நின்னுகினு கீறேன், கரையலியே சார்" என்று அப்பா சொன்னாராம். இதை என்னிடம் நாலு முறை சொல்லிவிட்டார். ஒரே ஒரு வருத்தம். நம் பக்கத்து ரூமில் இசக்கிபாண்டி என்று ஒரு பையன் பெண்டாட்டியோடு குடியிருக்கிறான், நீ பார்த்ததில்லை, திருநெல்வேலிப் பக்கம், அப்பாவுக்கு ஹெல்ப்பராக அதே வண்டியில் போகிறவன். போன வாரம் நிற்கக் கூடாத இடத்தில் நின்று காலை நசுக்கிக்கொண்டான். பாவம், அவன் கவனக்குறைவு, யார் என்ன செய்ய முடியும். ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். தங்கச்சி நன்றாகப் படிக்கிறாள், இந்தக் கடிதத்தையும் அவள்தான் எழுதுகிறாள். கடைசிப் பக்கத்தை அப்பா ஏதாவது சொல்வார் என்று விடச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, அம்மா சொன்னது இதுவரைக்கும்தான். அவள் பேச்சுத் தமிழில் சொல்வதை வழக்கம்போல நான் திருத்தி எழுதினேன், ஆனால் "அவன் கவனக்குறைவு" என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. "இன்னாடி, பேனா தீந்துபோச்சா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்று உதறிவிட்டு எழுதினேன். இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். அப்பாவுக்கு விட்ட பக்கத்தில் நான் பொடிப்பொடியாக எழுதுகிறேன். டார்ச்சைத் துணியால் மூடிக்கொண்டு சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. காலையில் அப்பா இதை எடுத்துப் படித்துவிடுவாரோ என்று ஒரு பயம் வந்தது. அப்புறம்தான், இந்தப் பொடி எழுத்தை ஒற்றைக் கண்ணால் அவரால் படிக்க முடியாது என்பது நினைவுக்கு வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன் அண்ணா. அப்பாவுக்கு வலது கண் தெரியவில்லை.

எப்போதிருந்து என்று எனக்கும் தெரியாது. கருமணியின் மேல் பால் ஆடை மாதிரி ஒன்று படர்ந்திருக்கிறது, வெயிலில் நின்றால் தெரியும். அம்மாவிடம் தூசி விழுந்தது என்று சொல்லி வைத்திருக்கிறார். இசக்கி சித்தப்பாதான் முதலில் கம்பெனி டெஸ்டுக்குப் போய்வந்தார். அன்றைக்குச் சாயங்காலம் நம் வீட்டில் டீ குடித்துக்கொண்டே, "மதினி, அங்க செவுத்துல ஒரு போர்டு மாட்டியிருக்கானுவ, முழுக்க சீப்பு சீப்பா வரைஞ்சிருக்கு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவனுக்கு அதாம் டெஸ்டாம். ஒரு கண்ணப் பொத்திக்கிட்டு, அவன் வரிசையா குச்சி வைக்குத சீப்புக்குப் பல்லு எந்தப் பக்கம்னு கையக் காட்டணும். எனக்கு எங்க வீட்டுக்காரி சீப்பு ஞாபகந்தான் வந்துச்சி, அதுல பல்லே கிடையாது" என்று சொன்னார், அவர் மனைவி முத்துச்செல்வி சித்தி அவர் தலையில் குட்டினாள், எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்துக் கண் முகாமில் அதே போர்டுதான் மாட்டினார்கள், இப்போதும் டீச்சர் ரூமில் தொங்குகிறது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், "இன்னா தாமர, அந்த சீப்புப் படம் உங்க ஸ்கூல்ல கீதுன்னியே, சும்மா எய்துகினு வர முடியுமா?" என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் கேட்ட குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா என்னிடம் அப்படிக் கெஞ்சுகிற மாதிரிப் பேசி நான் கேட்டதே இல்லை அண்ணா. டீச்சர் ரூமுக்குச் சாக்பீஸ் எடுக்கப் போகிற சாக்கில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். கம்பெனியில் இருப்பதும் அதே வரிசைதானா என்று தெரிந்துகொள்ள, இசக்கி சித்தப்பாவிடமே விளையாட்டாக, மேல் வரியில் எந்தப் பக்கம், அடுத்த வரியில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி யோசித்து யோசித்துச் சொன்னார். ஒத்துப்போனது. பிறகு தினமும் அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும் நேரத்தில் நான் அப்பாவுக்கு வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக் கொடுத்தேன், மேல், வலம், கீழ், கீழ், இடம் என்று. அவர் குழந்தை மாதிரி கையைக் காட்டிக்கொண்டு கூடவே சொல்வார். தப்பாகச் சொன்னால் நான் அதட்டுவேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. பாஸாகி வந்த அன்றைக்குப் பரோட்டா வாங்கி வந்து, அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கு ஒன்று அதிகமாக வைத்தார். என்னால்தான் அப்பாவுக்கு வேலை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு தின்றேன். இப்போது அதை நினைத்தால் வாய் கசக்கிறது.

விபத்து நடந்தது விளக்கு வைக்கிற நேரத்தில். தூறல். கம்பெனி வேன் ஒன்று வல்லக்கோட்டை ரோட்டில் நின்றுபோய், அதைத் தூக்கப் போயிருக்கிறார்கள். அப்பா பின்பக்கம் எடுத்திருக்கிறார். ஹெல்ப்பர் வலது பக்கம், டிரைவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று கையைக் காட்ட வேண்டும் என்பதுதான் விதி. இசக்கி சித்தப்பா அங்கேதான் நின்றிருக்கிறார். போதும் என்று கையைத் தூக்கிவிட்டு, வண்டி நிற்கும் என்று நம்பி, பெல்ட்டை எடுக்க வேன் பக்கம் காலை வைத்துக் குனிந்திருக்கிறார். வண்டி நிற்கவில்லை. இரும்புக் கைக்கும் வேன் சக்கரத்துக்கும் நடுவில் அவர் பாதம். விரல்களை எடுத்துவிட்டார்கள் அண்ணா. மறுநாள் காலையில் யாக்கோபு முதலாளி நம் வீட்டுக்கே வந்தார். அப்பா எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையமர்த்தி, "யோவ் மண்ணாங்கட்டி, நீ இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? உன் கண்ணு பக்காவா கீதுன்னு அவனுங்க குட்த்த பேப்பரே கீது. அந்தத் தெக்கத்திக்காரன் கை காட்டியிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல? காட்டல. குறுக்க பூந்துட்டான். திங்கக்கெயம என்கொயரியில அத்த மட்டும் சொல்லு, எனுக்கு கான்ட்ராக்ட் நிக்கும், உனுக்கு வேல நிக்கும்" என்றார். நான் டீயை வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்க மொதலாளி" என்றார். அவ்வளவுதான். அன்றையிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நானும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவருக்கு என்னிடம் வெட்கம், எனக்கு அவரிடம் வெட்கம். சோற்றைப் போட்டால் தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறார்.

நேற்று நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சித்தப்பா கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, "வா தாயி, இனிமே செருப்பு வாங்கினா ஒரு பக்கம் சின்ன சைஸு போதும்" என்று சிரித்தார். அம்மா டாக்டரைப் பார்க்கப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. என்னிடம் மெதுவாக, "நான் கையத் தூக்கினேன் தாயி. தூக்கினேன்னுதான் நெனைக்கேன். ஆனா அண்ணாச்சிக்குக் கண்ணு நல்லா இருக்குல்லா, டெஸ்ட்ல ஒரு சீப்பு கூடத் தப்பாச் சொல்லலியாம். பார்த்திருந்தா நிப்பாட்டாம இருப்பாரா? அப்ப நான்தான் தூக்கலியோ என்னமோ. ராத்திரியெல்லாம் அதையே யோசிச்சிக்கிட்டுக் கெடக்கேன்" என்றார். அண்ணா, தான் தூக்கிய கையையே அவர் சந்தேகப்படுகிறார். நழுவியிருந்த தலையணையை அவர் காலுக்குக் கீழே சரிசெய்து வைத்தேன். அதற்குள் முத்துச்செல்வி சித்தி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் கையில் வைத்தாள். "கம்பெனிக்கு ஒரு மனு எழுதித் தா தாயி. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்லா. தப்பு எங்க மேலதான், மன்னிச்சி, உக்காந்து பாக்குற வாட்ச்மேன் வேலையாவது குடுங்கன்னு எழுது. தப்ப ஒத்துக்கிட்டா எரக்கப்படுவாங்கன்னு மொதலாளி சொன்னாரு" என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆட்டியிருக்கக் கூடாது. அவர் மேல் தப்பு என்று முடிவானால் வேலையும் போகும், கம்பெனி கொடுக்கிற நஷ்டஈடும் வராது, வாட்ச்மேன் வேலையும் யாரும் தரப் போவதில்லை, இது எனக்கே தெரிகிறது. இன்றைக்கு முழுக்க அந்தத் தாளை எடுத்து எடுத்து வைத்தேன். உயர்திரு என்று எழுத முடிகிறது, அதற்கு மேல் முடியவில்லை. செய்தவர்கள் நாங்கள், மன்னிப்புக் கேட்பவர் அவர், அதையும் நான் என் முத்து முத்தான கையெழுத்தில் எழுத வேண்டும்.

இதையெல்லாம் உன்னிடம் போனில் சொல்ல முடியாது, எஸ்டிடி பூத்தில் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். உன்னிடம் யோசனை கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் திங்கட்கிழமை போய்விட்டிருக்கும். நீ சொல்லி நான் செய்ய நேரம் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போவார்களா, யாக்கோபு முதலாளியின் புது வண்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி ஏதாவது கம்பெனி லைனில் வேலைக்கு அனுப்புவார்களா, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை அப்பா மறுபடி அந்த வண்டியை எடுப்பார். வலது பக்கம் வேறு யாராவது ஹெல்ப்பர் நிற்பான், அவனும் கையைத் தூக்குவான். அதை நினைத்தால் மற்றப் பயமெல்லாம் சின்னதாகிவிடுகிறது.

அதனால் மனுவை நான் எழுதப் போவதில்லை. நாளைக் காலையில் அம்மா கோயிலுக்குப் போனதும் அப்பாவிடம் பேசப் போகிறேன். போர்டைப் பார்த்து எழுதிவந்து சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று என்கொயரியில் என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், நானும் உங்களோடு வருகிறேன் என்று சொல்வேன். அவர் முடியாது என்றால், பள்ளிக்கூட யூனிஃபார்மோடு கம்பெனி கேட்டுக்குப் போய் நானே சொல்வேன் என்றும் சொல்வேன். அவர் அடித்தாலும் அடிக்கட்டும். வழக்கமாக அவருடைய வலது பக்கம்தான் உட்காருவேன், அவர் பார்க்கவில்லை என்ற தைரியத்தில். நாளைக்கு இடது பக்கம் உட்கார்ந்து, அவருக்கு என் முகம் தெரியும்படி சொல்லப் போகிறேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று உனக்குச் செய்தி வந்தால் அவரைத் திட்டி எழுதாதே. அவர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை, கண் போனால் ரோட்டை விட்டே போக வேண்டுமே என்று பயந்துவிட்டார். ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று முகாமில் வந்த டாக்டர் சொன்னதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை, டெஸ்டைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். அதையும் நாளைக்குச் சொல்வேன்.

வாழ்த்துச் சொல்கிற இடத்தை அம்மா முன்பே சொல்லி வைத்துவிட்டாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். போகிற இடத்தில் எல்லாம் முருகன் உனக்குத் துணை நிற்கட்டும், நோய் நொடி அண்டாமல், நல்ல பெயரோடு திரும்பி வா மகனே. உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட்டைப் போட்டுக்கொள். சம்பளம் வந்ததும் நண்பர்களுக்குக் கடன் கொடுக்காதே. பொங்கலுக்காவது லீவு கேட்டுப் பார்.

இப்படிக்கு,
அம்மா தாயாரம்மாள்
சொல்ல எழுதியது செந்தாமரை.
கடைசிப் பக்கம், யாரும் சொல்லாமல் நானே எழுதியது.