ஆறு போல்ட், ஆறு மெரூன் கோடு

போன புதன்கிழமை சாயங்காலம் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது அந்த வாசனை வந்துவிட்டது. தீய்ந்த ஆயில். உனக்குச் சொல்லவா வேண்டும்? வண்டியை ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினேன். என்ஜின் தலையை மூடியிருக்கிற டேப்பட் கவரின் ஓரத்தில் ஆயில் கசிந்து, கீழே சூடான குழாயில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாடி நம்ம மகாராணி" என்று உன்னிடம்தான் முதலில் சொன்னேன். பக்கத்து சீட் காலி என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய அந்தப் பழைய வெள்ளைக் காரை உன் வீட்டுக்காரர் என்னிடமே விட்டுவிட்டார். விழுப்புரத்திலிருந்து நம் திண்டிவனம் ரத்தப் பரிசோதனை லேபுக்கு இப்போது நான் மட்டும் போய் வருகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது, தெரியுமே. புகையைப் பார்த்ததும் தீர்ப்பே சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள கசிவு நிக்கலன்னா, திங்கக்கெழம காயலான் கடைக்காரன வரச்சொல்றேன். போதும்மா இதோட பேஜாரு." வழக்கமான மெக்கானிக்குக் கூப்பிட்டேன். அவரோ, "பழைய வண்டிக்கா. ஹெட் பேக்கிங்கே போயிருந்தா பெரிய வேல. அடுத்த வாரம் கொண்டாந்து வுடுங்க, பாத்துட்டு சொல்றேன்" என்றார். அடுத்த வாரம்! அதற்குள் நம் மகாராணியைத் தட்டி நசுக்கி லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

நானே மாற்றினால் என்ன என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்த வேகத்தில் பெருமுக்கல் ஞாபகமும் வந்து, கை பின்னால் போய்விட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே கசிவு. இரண்டு இரும்புக்கு நடுவில் ஆயிலைத் தடுக்கிற ஒரு ரப்பர் வளையம், மெக்கானிக் ஷெட்டில் அதற்குப் பேர் பேக்கிங். அது இறுகிப் போயிருந்தது. "ரத்தம் எடுக்கிற கைக்கு ஒரு ரப்பர மாத்த வராதாடி?" என்று சொல்லிப் புதுசை வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். உன் வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே, புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டோம். ஆறு போல்ட்டையும் கழற்றி, கவரைத் தூக்கி, புது பேக்கிங்கை வைத்து மூடி, ஸ்டார்ட் பண்ணியதும் ஓடியது. நமக்குத் தலைகால் புரியவில்லை. "வாடி, பெருமுக்கல் மலைக்கே ஓட்டிக்கினு போவலாம்" என்று கிளம்பினோம்.

மலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் புகை. கொஞ்சநஞ்சமில்லை, கண்ணாடியையே மறைக்கிற புகை. மல்லாட்டைக் கொல்லையில் இருந்தவர் ஓடிவந்து, "தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்கம்மா, தானா ஆறட்டும்" என்று சொல்லி, உட்கார்ந்து தின்ன கடலை தொங்குகிற மல்லாட்டைக் கொடி ஒரு கையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் தின்னவில்லை. நடுரோட்டில் நின்று உன்னைப் பார்த்துக் கத்தினேன். "இனிமே இதுல நீ கை வெச்சே, நான் பஸ்சுலயே போயிக்கிறேன். தெரிஞ்சவங்க கையில குடு!" நீ மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாய். மலை ஏறாமலே திரும்பினோம்.

நாலைந்து நாளில் வண்டி சரியாகி வந்தது. "ஷெட்டுல குடுத்துட்டேன்டி. பள்ளத்துல ஒட்டிக்கினு இருந்த பழைய ரப்பரச் சொரண்டாம, அதும்மேலயே புதுச வெச்சுட்டோமாம்" என்றாய். அதற்கப்புறம் ஒரு சொட்டு கசியவில்லை. நான் சும்மா இருந்தேனா? ஒவ்வொரு தடவை பானட் திறக்கும்போதும், "பாத்தியா, தெரிஞ்சவங்க கை வெச்சா எப்படி இருக்குது!" என்பேன். "ஆமாண்டி" என்பாய் நீ.

சரி, கதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது, நீ சொல்லிக்கொடுத்த சோதனையைச் செய்தேன். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்க்க வேண்டும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, என்ஜினுக்குள்ளே இருக்கிற ஹெட் பேக்கிங்கே போய்விட்டது என்று அர்த்தம். "வெளுத்திருந்தா கைய எடுத்துடணும். கறுத்திருந்தா கைய வெக்கலாம்" என்பாய். மூடியைத் திருகும்போது கர்ப்பப் பரிசோதனை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி இருந்தது எனக்கு. திருப்பிப் பார்த்தேன். கறுப்பு! நல்ல மினுமினு கறுப்பு! ரேடியேட்டர் தண்ணீரும் குறையவில்லை. எனக்கு விசிலடிக்கத் தெரியாது, தெரிந்திருந்தால் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

ஆனாலும் பயம் விடவில்லை. கசிவு எங்கே என்று சரியாகப் பார்த்துக்கொள்ளலாமென்று, துணியில் மண்ணெண்ணெய் நனைத்து டேப்பட் கவரைத் துடைத்தேன். வருஷக்கணக்கான பிசுக்கு. ஒரு போல்ட்டின் தலையில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. துரு என்று நினைத்து அழுத்தித் துடைத்தேன். துரு இல்லை. போல்ட்டிலிருந்து கவர்வரைக்கும் இழுத்த ஒரு மெல்லிய மெரூன் கோடு. அடுத்த போல்ட்டைத் துடைத்தேன். அதிலும் கோடு. ஆறிலும் கோடு!

அந்த மெரூன் எனக்குத் தெரியாதா? லேபில் ஒவ்வொரு டியூபிலும் குறி போட்டுப் போட்டு, உனக்குக் கையில் கிடைத்ததற்கெல்லாம் குறி போடுகிற பழக்கம். டிபன் பாக்ஸ், குடை, என் கத்தரிக்கோல், எல்லாவற்றிலும் உன் மெரூன் நெயில் பாலிஷ். "குறி போட்டாத்தான் வேல முடிஞ்ச மாதிரி இருக்குது" என்பாய். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும், என்ன மூளை உனக்கு! பெருமுக்கல் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் குறி போடவில்லை. போட நான் எங்கே விட்டேன்? பழைய ரப்பரைச் சுரண்டலாம் என்று நீ சொன்னபோதுகூட, "வெயில் ஏறுது, ஜல்தி மூடு" என்று விரட்டியவள் நான்தான்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்த டேப்பட் கவர நான் தொறந்ததே இல்லீங்களே. ஒங்க ஃப்ரெண்டு ஒரு பேக்கிங் மட்டும் வாங்கித்தரச் சொல்லி எடுத்துக்கினு போனாங்க" என்றார்.

துணியைக் கீழே போட்டேன். எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா? நான் கத்தியதற்குப் பயந்து, எனக்குத் தெரியாமல் தனியாக உட்கார்ந்து சுரண்டி, சரிசெய்து, பெயரை ஷெட்டுக்குக் கொடுத்துவிட்டாய். கிட்டத்தட்ட மூன்று வருஷம் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நான் அந்த மனிதரைப் புகழ்ந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாய், கள்ளி! கொஞ்சம் அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே செருப்பை மாட்டிக்கொண்டு பேக்கிங் வாங்கப் போனேன்.

ஞாயிறு காலை பத்தாம் நம்பர் ஸ்பேனரும் நானும். கவரைத் தூக்கியதும் குப்பை விழாமல் சுத்தமான துணியால் என்ஜினை மூடினேன். பழைய பேக்கிங் அப்பளம் மாதிரி ஒடிந்து வந்தது. காலாவதியான ஏடிஎம் அட்டையால் பள்ளத்தைச் சுரண்டினேன், விரலால் தடவினேன், மறுபடி சுரண்டினேன். வீட்டுக்காரர் டீயோடு வந்து, "இன்னும் எவ்ளோ நேரம் தேச்சிக்கினு இருப்பே?" என்றார். "வெயில் ஏறுனா ஏறட்டும்" என்றேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு போல்ட்டையும் இறுக்கினேன்.

ஸ்டார்ட் பண்ணி, கீழே பேப்பரை விரித்துவிட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டோம். பேப்பரில் ஒரு பொட்டு இல்லை. அவர் கவரின் விளிம்பில் துணியை ஓட்டி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, அந்தக் காயலான் கடைக்காரன் நம்பர அழிச்சிடறேன்" என்றார். குதித்தேனடி! இந்த வயசில், தெருவில்!

குளித்துவிட்டு நேராகத் திண்டிவனம். கடையில் மெரூன் நெயில் பாலிஷ் ஒன்று வாங்கிக்கொண்டு மரக்காணம் ரோட்டில் திரும்பினேன். நாம் புகையோடு நின்ற இடத்தில் நிறுத்தவில்லை, ஹாரன் மட்டும் அடித்தேன். பெருமுக்கல் அடிவாரத்தில் நிறுத்தி மூக்கை நீட்டினேன். வேப்பமரக் காற்று, அவ்வளவுதான். என்ஜின் ஆறும்வரை காத்திருந்து பானட்டைத் திறந்தேன். கழற்றி மாட்டியதில் உன் கோடுகள் இரண்டாக முறிந்து, கவரில் பாதியும் போல்ட்டில் பாதியுமாக இருந்தன. அவற்றை அழிக்கவில்லை. பக்கத்திலேயே என் கோட்டை இழுத்தேன், ஆறிலும்.

இழுத்து முடித்து, மலைக்குப் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், வாய்விட்டுச் சொன்னேன்: "பாத்தியா, தெரிஞ்சவங்க கை வெச்சா எப்படி இருக்குது!"

பாட்டில் இப்போது என் கைப்பையில்தான் இருக்கிறது. லேபில் என் டிபன் பாக்ஸுக்கும் ஒரு கோடு போட்டுவிட்டேன்.