பாஸ் மீனுக்குத் தீன்

மே 6, 2024
நான் வேலை செய்யும் சிஞ்ஞோரா வீட்டுக் குளத்தில் இன்று நாற்பது பாஸ் மீன் விட்டார்கள். கரையில் நின்றபடி அவள் சொன்னாள்: செப்டெம்பரில் இருந்து வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஆள்தானாம். வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் இத்தாலியில் தங்குவதற்கான என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. தோட்டக்கார ஜோக்கிமுக்கும் அதே கதிதான்.

மே 7
ஜோக்கிம் மன்னாரில் கடலுக்குப் போனவன். மீனைக் கண்டதும் முகமெல்லாம் பல். "அனிற்றா அக்கா, இது எங்கட வேலை" என்றான். நான் ஏழு வருடமாக இங்கே கக்கூஸ் கழுவுவது யாருடைய வேலையாம்?

ஜூன் 20
மீன் விற்றவர் வந்தார். ஜோக்கிமுக்கு இத்தாலி மொழி ஓடாது. வழக்கம்போல நான்தான் இடையில். வெயில் ஏறினால் தீனை நிறுத்தவேண்டும், மிஞ்சிய தீன் அழுகினால் மீனுக்கு மூச்சு முட்டும், மேலே வந்து வாயைத் திறந்தால் அது பசியில்லை என்றார்.
"என்னவாம் அக்கா?"
"நல்லாத் தீன் போடட்டாம். வாயைத் திறந்தா இன்னும் போடட்டாம்."
தெரிந்துதான் சொன்னேன்.

ஜூலை 18
நாற்பது பாகை வெயில். மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. ஜோக்கிம் இரண்டு கையாலும் அள்ளிப் போடுகிறான். "பாவங்கள், என்ன பசி பாருங்கோ அக்கா."
நான் ஜன்னல் துடைத்தேன்.

ஜூலை 20
ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. சிஞ்ஞோரா கத்திய கத்தலில் ஜோக்கிம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அந்தாள் சொன்னபடிதான் போட்டனான் எண்டு சொல்லுங்கோ. எனக்கு மூண்டு பிள்ளையள்."
கவனிக்காமல் விட்டுவிட்டானாம், மன்னிக்கட்டாம் என்று சிஞ்ஞோராவிடம் இத்தாலி மொழியில் சொன்னேன். செத்ததையெல்லாம் அவனைக்கொண்டே அள்ளிப் புதைப்பித்துவிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றாள்.
மாதாவே, என்ன செய்துபோட்டன் — இல்லை, நான் வேற என்ன செய்யிறது? அவனெண்டா எனக்கு வேலையை விட்டுத்தந்திருப்பானோ?
விட்டுத்தந்திருப்பான். அதுதான் ஆத்திரம்.

ஆகஸ்ட் 29
ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன்.

செப்டெம்பர் 1, ஞாயிறு
பூசை முடிந்து வெளியே வந்தால் ஜோக்கிமின் மனைவி கிளறா. அவனுக்கு இன்னும் வேலை இல்லை. பெர்மெஸ்ஸோ இந்த மாதத்தோடு முடிகிறது. எங்கே முகத்தில் காறித் துப்பப்போகிறாளோ என்று நின்றேன். கட்டிப்பிடித்து அழுதாள்.
"இவருக்காகச் சிஞ்ஞோராவோட அவ்வளவு கதைச்சீங்களாம். இஞ்சை எங்களுக்கு உங்களை விட்டா ஆரக்கா? நாளைக்குப் பெர்மெஸ்ஸோ விசயமாக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலயும் நீங்கள்தான் வந்து கதைக்கோணும்."
ஓம் என்றேன்.