தோற்ற ஊரின் சட்டை

அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வண்டி துடைக்கத் துணி கேட்டாள். பழைய துணி மூட்டையை அவளே அவிழ்த்து, கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். எட்டிப் பார்த்தேன். நீல நிற டீ-சர்ட். நெஞ்சிலிருந்த வெள்ளை எழுத்து வெடித்து உதிர்ந்து, ஏதோ ஒரு இங்கிலாந்து ஊரின் பெயர் பாதிதான் மிச்சம். "அத வெய்யி கீழ!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒரு பழைய பனியனுக்கா இந்தக் கூப்பாடு என்றாள் மகள். அவளுக்கு என்ன தெரியும்? பிடுங்கி முகர்ந்து பார்த்தேன். பாச்சை உருண்டை வாசம்தான் அடித்தது. ஆனாலும் உங்கள் பெருமாநல்லூர் பனியன் யூனிட்டின் பிரிண்டிங் மை நெடி என் மூக்குக்கு வந்துவிட்டது.

அங்கே செக்கிங்கும் பேக்கிங்கும் என் பொறுப்பு. நீங்கள் முதலாளி, ஆனால் அண்ணா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். உங்களைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளதைத்தானே சொல்கிறேன். பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பீர்கள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பீர்கள். "இருங்க அம்மிணி, இன்னொருக்கா பாத்துக்கலாம்." இதைக் கேட்டுக் கேட்டு என் காதே புளித்துப்போனது.

அப்படிப்பட்டவர் அந்த ஆர்டரை எப்படித்தான் எடுத்தீர்களோ! வேறு வழியில்லை என்பது எனக்கும் தெரியும். அந்த வருஷம் மாசக்கணக்கில் வேலை வரவில்லை. மேஜைகளில் தூசி படிந்து கிடந்தது. அப்போதுதான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரில் ஏஜென்ட் வேலை பார்த்த அந்தத் தம்பி வந்தார். இங்கிலாந்தில் மேல் பிரிவில் ஆடும் இரண்டு கால்பந்து அணிகள். கடைசிச் சனிக்கிழமை மோதுகின்றன. தோற்கிற அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். சொந்த ஊரில் ஆடும் அணி ஜெயித்துவிட்டால் அடுத்த வாரம் அந்த ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடும், அதற்குச் சிவப்புச் சட்டை வேண்டும். ஜெயித்தால் மொத்தமும் ஞாயிற்றுக்கிழமையே விமானம் ஏறும். தோற்றால் ஒரு பீஸ்கூட எடுக்க மாட்டார்கள்.

"இது நடக்கலீன்னா திங்கக்கெழம யூனிட்டத் தொறக்கறதுல்லீங்க அம்மிணி" என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். நான் பேக்கிங் பெண்களிடம் மூச்சுவிடவில்லை. எல்லாரும் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

வெள்ளைக்காரன் அனுப்பிய சாம்பிளில் ஊர்ப் பெயர் இருந்தது, இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது, அதற்குக் கீழே பெரிதாக "1 – 0" என்று இருந்தது. அது என்ன எண் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. கால்பந்து தெரியாத ஊர் ஒன்று இருக்கும் என்று ஏஜென்ட் தம்பிக்குத் தோன்றவே இல்லை. நமக்குக் கபடி தெரியும், சேவல் சண்டை தெரியும். நீங்கள் அந்தச் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொழுதெல்லாம் யோசித்தீர்கள்.

"ஏனுங் அம்மிணி, நல்ல காரியத்துக்குப் போடற சட்டை. சைபர்ல முடியுதே, நல்லாவா இருக்குது?"

உங்களுக்கு அது ஒரு பித்து. கல்யாண மொய்யில் நூற்றோடு ஒன்று சேர்த்து வைக்கிறது ஊர் வழக்கம்தான். நீங்கள் பழம் வாங்கினாலும் பத்தோடு நிறுத்த மாட்டீர்கள், பதினொன்றாக்கித்தான் பைக்குள் போடுவீர்கள். சைபரை எடுத்துவிட்டு ஒன்று போட்டுப் பார்த்தீர்கள். இரண்டு பக்கமும் ஒன்று என்றால் எடுப்பாக இல்லை என்று முன்னால் இருந்ததை இரண்டாக்கினீர்கள். "இப்ப லட்சணமா இருக்குது" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். எல்லாச் சட்டையிலும் "2 – 1" என்று அடித்து, மை காய்ந்து, மடித்து, பெட்டி போட்டாயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் ஏஜென்ட் தம்பி வந்து ஒரு பெட்டியைப் பிரித்தார். சட்டையை விரித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டிய! அது ஸ்கோரு. எந்த டீம் எத்தன கோலுன்னு அர்த்தம். எடத்தக் காட்டத்தான் சும்மா ஒரு நம்பர் போட்டிருந்தான். ஆட்டம் முடிஞ்ச பொறவுல்லா அடிக்கணும்!"

"இன்னும் ஆடவே இல்லியா தம்பி?"

"சாயந்தரம்தான் ஆடப்போறான்!"

அடித்த மை அடித்ததுதான், கழுவினாலும் போகாது. புதிதாகத் தைக்கத் துணியும் இல்லை, நேரமும் இல்லை. இனி அந்த அணி ஜெயித்தால் மட்டும் போதாது. சரியாக இரண்டுக்கு ஒன்று என்று ஜெயிக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. "ஒரு சைபர் இருந்தா என்னுங்ணா கொறஞ்சு போச்சு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு தம்பி ஒரு ரேடியோ கொண்டுவந்து லண்டன் ஸ்டேஷனைப் பிடித்தார். ஒரு நேரம் கேட்கும், ஒரு நேரம் கரகரவென்று வறுக்கும். ஏரியலில் ஒரு கம்பியைக் கட்டி ஜன்னலோரம் நீங்கள் பிடித்துக்கொண்டு நின்றால் நன்றாகக் கேட்டது. கையை இறக்கினால் போய்விட்டது. அதனால் ஆட்டம் முழுக்க நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டே நின்றீர்கள். பேக்கிங் பெண்களில் சிலர் பஸ்ஸை விட்டுவிட்டுக் கதவருகே நின்றார்கள். யாரும் சொல்லாமலே அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

முதல் கோல் நம் பக்கம். தம்பி துள்ளினார். நாமும் துள்ளினோம். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கோலும் நம் பக்கமே. தம்பி மறுபடியும் துள்ளிவிட்டு, பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப எதிராளி ஒண்ணு போடணும் அண்ணாச்சி."

நாம் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம், அதுவே நம் கழுத்துக்குக் கத்தி. நீங்கள் தூக்கிய கையை இறக்காமலே கண்ணை மூடிக்கொண்டு, "சிவன்மலை ஆண்டவா, அவங்களுக்கு ஒரு கோலு குடுப்பா, ஒண்ணே ஒண்ணு" என்று முணுமுணுத்தீர்கள். இங்கிலாந்தில் யாரோ முகம் தெரியாத நீலச் சட்டைக்காரர்களுக்காகப் பெருமாநல்லூரில் கூடி நின்று வேண்டிக்கொண்டோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். சும்மா இரு என்று அதட்டினேன்.

திடீரென்று ரேடியோவில் பெரிய இரைச்சல். தம்பி காதை ஒட்டி வைத்துக் கேட்டார். "போட்டுட்டான்! நீலக்காரன் போட்டுட்டான்!" எதிராளி போட்ட கோலுக்கு அப்படி ஒரு கூத்து எந்த ஊரிலும் நடந்திருக்காது. நான் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் நிஜமான நரகம். இனி எந்தப் பக்கமும் கோல் விழக்கூடாது. நீலக்காரர் பந்தோடு வந்தாலும் பயம், நம்மவர் வந்தாலும் பயம். நம்மவர் ஒருவர் தனியாகப் பந்தைக் கொண்டுபோக, தம்பி பழக்கத்தில் "அடிரா, அடிரா!" என்று கத்திவிட்டார்.

"அடிக்காதடா! போதும்டா சாமி, ஊட்டுக்குப் போடா!" என்று நீங்கள் ரேடியோவைப் பார்த்துக் கத்தினீர்கள். அவன் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே போனது. கடைசி நிமிஷங்களில் சத்தம் அடியோடு நின்று வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. உங்கள் கை தாழ ஆரம்பித்தது. நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, உங்கள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். குரல் திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. இரண்டுக்கு ஒன்று!

பெண்கள் கைதட்டினார்கள். தம்பி உங்கள் காலில் விழப்போனார். நீங்கள் மட்டும் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, மரத்துப்போன கையைத் தேய்த்துக்கொண்டு கேட்டீர்கள்:

"ஏன் தம்பி, அந்தத் தோத்த ஊருக்கும் எவனாச்சும் சட்டை அடிச்சு வெச்சிருப்பானில்ல?"

"ஆமா அண்ணாச்சி. நம்ம காங்கேயம் ரோட்டுலதான், ஒருத்தர் அடிச்சிருக்காருன்னு பேச்சு."

ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அனுப்பிவிட்டு, சாப்பிடாமல்கூட மொபெட்டை எடுத்துக்கொண்டு காங்கேயம் ரோட்டுக்குக் கிளம்பினீர்கள். பொழுது இறங்கித் திரும்பி வந்தபோது பின்னால் ஒரு மூட்டை. எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு நீலச் சட்டை. மீதியை விற்றுத் தருவதாக அந்தக் காங்கேயம் ரோட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களாம். அடுத்து வந்த வேலையிலும் அவருக்குப் பாதி கொடுத்தீர்கள்.

"தோத்தவன் சட்டைய எதுக்குங்ணா தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"சட்டை என்ன பண்ணுச்சு அம்மிணி? அது நல்லாத்தான் தெச்சிருக்குது."

போன வருஷம் உங்களை வாசலில் கிடத்தியிருந்தபோது வயதான ஒருவர் வந்து ஓரமாக நின்றார். அந்தக் காங்கேயம் ரோட்டுக்காரர்தான். உங்கள் மகன்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். உங்களையே பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "அன்னிக்கு இவரு வந்து தட்டுனப்ப, நானு உள்ளாற கதவச் சாத்திட்டுத் தனியா உக்காந்திருந்தேனுங்க. மூணு தடவ தட்டுனாரு. போயிட்டாருன்னு நெனச்சேன். திரும்பி வந்து மறுபடியும் தட்டுனாருங்க. அதனாலதான் நானு இன்னிக்கு உசுரோட இருக்கறனுங்க." நீங்கள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பதை எத்தனை தரம் கேலி செய்திருக்கிறேன் அண்ணா.

சட்டையைத் துவைத்து என் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். மகளுக்கு இப்போது கால்பந்துப் பித்து. நேற்றுச் சாயங்காலம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஜெயிச்சாச்சும்மா, ரெண்டுக்கு ஒண்ணு!" என்று குதித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"தோத்தது எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டேன்.