கசப்புக் கை

டிசம்பர் 14
மழை பிடித்துக்கொண்டது. ஊரே மரவள்ளிக் குச்சி நட ஓடுகிறது. நான் மட்டும் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறேன், நேற்றே போட்டு முடித்த பிடிதான்.

எனக்குக் கசப்புக் கையாம். போன வருஷம் நான் நட்ட இனிப்பு மரவள்ளி கசந்துபோனது. அதைப் பச்சையாகக் கடித்த மச்சினி மகள் சிவேமா வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாள். பிழைத்துவிட்டாள். ஆனால் இன்றுவரை நான் தண்ணீர் மொண்டு கொடுத்தாலும் முகர்ந்து பார்க்கிறார்கள்.

டிசம்பர் 17
எங்கள் மகோண்டே இன வழக்கத்தில் நிலமும் வீடும் பெண்டாட்டியுடையவை. தீர்ப்பு அவள் தாய்மாமனுடையது. மாமா லிகாண்டா நிலத்தில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்தார். இந்தப் பக்கம் நான் நட வேண்டும், அந்தப் பக்கம் மச்சான் சாந்தே.

"அறுவடையில தெரிஞ்சிரும் மாப்ளே. உன் பக்கம் மட்டும் கசந்துச்சுன்னா, உங்கம்மா ஊருக்குத்தான் தினமும் பஸ் இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சொமோயே சிரிக்கவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஏன்?

ஜனவரி 20
வேளாண் அதிகாரி தெக்லா வந்தார். வெளுத்துக் குறுகிய இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மண்ணுல துத்தநாகம் இல்ல. பயிர் சத்துக்கு ஏங்குனா கிழங்குல விஷம் ஏறும். மழையும் ஏமாத்துனா இன்னும் ஏறும்."

உப்பு மாதிரி ஒரு வெள்ளைப் பொடியை மணலில் கலந்து தூவினார். மாமாவின் கோட்டைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கோட்டுக்குக் குறுக்கே, நிலத்தின் கீழ்ப்பாதிக்கு மட்டும் போட்டார். என் பக்கம் முழுக்கப் போடுங்கள் என்று கெஞ்ச வாய்வரை வந்தது. மாமா பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன்.

மார்ச் 2
மழை நின்றுவிட்டது. இந்த வருஷமுமா?

மே 9
நம்ப முடியவில்லை. கீழ்ப்பாதி கரும்பச்சையாக ஆளுயரம் நிற்கிறது. மண்ணை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன் — மேலே இருக்கிற அதே செம்மண், அதே ருசி. கஞ்சிக்குப் போடும் உப்பளவு பொடிக்கு இவ்வளவு வேலை தெரியுமா? உடம்பு சிலிர்க்கிறது.

சாந்தே வந்து, "மச்சான், மேல என் பக்கமும் உன்னுது மாதிரியே நோஞ்சானா நிக்குதுய்யா" என்றான். முதல் தடவையாக அவன் பேச்சு இனித்தது.

செப்டம்பர் 28
தோண்டினோம். தெக்லா நான்கு இடத்துக் கிழங்கையும் நசுக்கி, நான்கு புட்டிகளில் போட்டு, புட்டிக்கொரு மஞ்சள் காகிதம் தொங்கவிட்டு மூடினார். விஷம் இருந்தால் நாளைக்குள் காகிதம் பழுப்பாகுமாம்.

செப்டம்பர் 29
மேல்பாதி இரண்டும் பழுப்பு. என்னுடையதும், சாந்தேயுடையதும்!

கீழ்ப்பாதி இரண்டும் மஞ்சள். என்னுடையதும், சாந்தேயுடையதும்.

கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் நடந்ததை ஒரு துண்டுக் காகிதம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டது. மாமா சாந்தேயின் மேல்பாதிக் கிழங்கை நுனிநாக்கில் தொட்டுத் துப்பினார். பிறகு அவன் கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "புட்டியக் கழுவுனீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"கழுவினேன் ஐயா. மஞ்சளா இருந்தாலும் வேகவெச்சே சாப்பிடுங்க" என்றார் தெக்லா.

அக்டோபர் 3
மாமா ஆள் அனுப்பியிருக்கிறார்: இந்த மழைக்கு அவர் நிலத்திலும் நான் நட வேண்டுமாம், பொடியோடு வர வேண்டுமாம். மன்னிப்பெல்லாம் இல்லை. மாமாவாயிற்றே.

அம்மா ஊருக்குத் துரத்திவிடுவார்களோ என்று அறுவடைக்கு முன்பே நான் ரகசியமாகக் கட்டிவைத்திருந்த மூட்டையை இன்று பிரித்தேன். என் சட்டைகளுக்கு அடியில் சொமோயே இடுப்பில் கட்டும் துணிகள் இரண்டும் அவள் செருப்பும் இருந்தன. சொந்த நிலத்தை விட்டுப் புருஷன் ஊருக்குப் போன பெண் இங்கே யாருமில்லை.

"இது எப்ப வெச்ச?"

"நீ கட்டுன அன்னைக்கே" என்றாள், கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே.